ஓட்டுநர் பக்கத்துக் கதவு

1

எங்கள் வீட்டார் சம்பந்தியின் காரைக் கழுவிக் கொடுத்தார்கள் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் எனக்கு என்ன முறை என்று சொன்னால் ஆளையே காட்டிக் கொடுத்தது போலாகும், விடுகிறேன். அந்தப் பேச்சை நிறுத்துவதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டார் அன்று செய்தது கழுவல் அல்ல.

(கழுவினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அது அந்த வேலையின் முதல் படி. முதல் படியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை விழுங்கினால் அதற்குப் பெயர் வம்பு.)

தொடக்கத்தைச் சில முறை எழுதிப் பார்த்தேன்.

"மரியாதையுள்ள இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு கார்..." என்று தொடங்கினால் வக்கீல் வாதாடுவது போல இருக்கிறது.

"கருநீலக் கார் ஒன்று நடுப்பகல் வெயிலில் பளபளவென்று..." காரில் தொடங்கினால் கார் பெரிய மனிதர் ஆகிவிடும். அது சம்பந்தி வீட்டு வழக்கம்.

"தம்பிக்கு அன்று காலை முதலே இருப்புக் கொள்ளவில்லை." இது பரவாயில்லை. எங்கள் பக்கத்து ஆளில் தொடங்குகிறது, பொய்யும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் அண்ணன் என்று ஒருவர் வருவார். அது நான்தான். 'நான்' என்று எழுதினால் என்னை நானே தூக்கி வைத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். மூன்றாம் மனிதராக எழுதினால் அவரைத் திட்டவும் வசதியாக இருக்கிறது.

2

தம்பிக்கு அன்று காலை முதலே இருப்புக் கொள்ளவில்லை. பிறந்த வீட்டில் சில நாள் இருந்துவிட்டுப் போகும் மகளை அழைத்துப்போக மாப்பிள்ளை பஸ்ஸில் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்கு அலுவலகத்தில் வேலை வந்துவிட, அவருடைய அப்பாவே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகனிடம்கூடச் சாவியைக் கொடுக்காத மனிதர். அந்தக் காரைத் தினமும் காலையில் தன் கையால் துடைப்பவர்.

சம்பந்தி போன வருஷம் வந்திருந்தபோது, வாசலில் நின்று கேட்டைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "துரு ஏறிப்போச்சே." அவ்வளவுதான். உள்ளே வந்தார், சாப்பிட்டார், சிரித்துப் பேசினார், போய்விட்டார். தம்பிதான் அந்த வார்த்தையை இறக்கி வைக்க இடம் தெரியாமல் வருஷம் முழுவதும் சுமந்தான்.

அதனால் அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பெயின்டரைக் கூப்பிட்டான். துருவைச் சுரண்டி, வெள்ளைப் பெயின்டை மெஷினில் ஊற்றி ஸ்பிரே அடிக்கும் வேலை. அவர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்கு. சம்பந்தியோ வழியில் எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்துவிட்டார். ஒரு கதவு வெள்ளை, ஒரு கதவு துரு என்று கேட் நின்ற நிலையில் கார் அதைத் தாண்டி உள்ளே வந்தது. கேட்டை ஒட்டி, ஓட்டுநர் பக்கம் கேட்டைப் பார்த்தபடி நின்றது.

சம்பந்தி கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த நேரம், பெயின்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், வண்டியைக் கொஞ்சம் உள்ள தள்ளி நிறுத்தச் சொல்லுங்க. ஸ்பிரே பறக்கும்."

இலையில் கை வைத்த மனிதரை எழுப்பி, உங்களுக்காக அடிக்கும் பெயின்ட் உங்கள் மேலேயே விழும், காரை நகர்த்துங்கள் என்று எப்படிச் சொல்வது? தம்பி விரலை நாக்கில் தொட்டு மேலே தூக்கிப் பார்த்தான்.

"காத்து தெருப் பக்கம்தான் அடிக்குது. நீங்க அடிங்க."

காற்று எங்கள் வீட்டு ஆள் இல்லை. திரும்பிவிட்டது.

(பெயின்டரைக் குறை சொல்லி இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். அவர் சொன்னார், நாம் கேட்கவில்லை.)

3

சாப்பாடு முடிந்து சம்பந்தி முன்னறையில் படுத்தார். வெயில் தாழ்ந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. பெயின்டரும் போய்விட்டார். தம்பி தன் புது கேட்டை ஒருமுறை பார்த்து மகிழலாம் என்று வெளியே வந்தவன், போகிற போக்கில் காரின் கதவில் கை வைத்தான். உப்புத்தாளில் பட்டது போல் இருந்தது.

குனிந்து பார்த்தான். கருநீலத்தின் மேல் மாவு சலித்தது போல வெள்ளைப் பொடி. துண்டை எடுத்துத் துடைத்தான். போகவில்லை. நகத்தால் கீறியதும் ஒரு புள்ளி உதிர்ந்தது. அப்படிப்பட்ட புள்ளிகள் அந்தப் பக்கம் முழுவதும், பானெட்டில் பாதி வரை.

அவன் கூப்பிட்ட குரலில் மகளும் வந்தாள், அண்ணனும் வந்தார்.

அண்ணன் பார்த்த உடனே தீர்ப்புச் சொன்னார். "எழுப்பு. சொல்லு. முடிஞ்சுது."

"தூங்கற மனுஷனை எழுப்பி, கேட்டோட சேத்து உங்க காருக்கும் அடிச்சிட்டேன்னு சொல்லவா?"

"அப்படி நக்கலா ஏன் சொல்லணும்? நேரா நின்னு சொல்லு. நம்ம வீட்டுல ஒரு தப்பு நடந்தா அதை முதல்ல சொல்றது நாமளாத்தான் இருக்கணும்."

மகள் காரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க நேரா நின்னு சொல்லிட்டு உள்ள வந்துடுவீங்க பெரியப்பா. அவர் பக்கத்துல உட்கார்ந்து ஊர் போய்ச் சேர வேண்டியது நான்."

"அதனால என்னம்மா? அவர் என்ன கடிச்சா தின்னுடுவார்?"

"அதெல்லாம் இல்ல. போன வருஷம் துருன்னு சொன்னாரே, அது அங்க இன்னும் ஓடிட்டிருக்கு. நான் காபி கொண்டு போனா டம்ளரைத் தூக்கிப் பாத்து 'துரு இல்லையே'ங்கறார். எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். இனிமே பெயின்டும் சேர்ந்துக்கும், அவ்வளவுதான்."

தம்பிக்கு இது புதிய செய்தி. கையிலிருந்த துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடியும் மடித்தான்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அண்ணனுக்கு ஒரு பதில் எழுதியிருந்தேன். கம்பீரமான பதில். அன்று அவரிடம் எந்தப் பதிலும் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.)

4

கிளே பார் என்ற பொருளைப் பற்றி வாசகருக்குச் சொல்ல வேண்டிய இடம் இது. சம்பந்தம் பேசுவது போல நேராகச் சொல்லிவிடுகிறேன்.

சோப்புக் கட்டி அளவில் ஒரு களி. பெயர்தான் களிமண், குழந்தைகள் உருட்டி விளையாடும் களி மாதிரியான ஒரு செயற்கைப் பொருள். காரை எவ்வளவு கழுவினாலும் போகாத சில அழுக்குகள் உண்டு. பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள், மரத்துப் பிசின், எங்கோ அடித்த பெயின்டின் துளி. இவை பெயின்டின் மேல் ஒட்டி, ஊறி, உட்கார்ந்துவிடும். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக அடித்து, இந்தக் களியை அதன் மேல் அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்க விட்டால், நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் களி பிடித்துத் தன்மேல் எடுத்துக்கொள்ளும். களியின் முகம் அழுக்கானதும் மடித்துப் பிசைந்து புது முகம் எடுக்க வேண்டும். அழுக்கு உள்ளே போய்விடும். விதி ஒன்றுதான். கீழே விழுந்த களியை மறுபடியும் காரில் வைக்கக்கூடாது. ஒட்டிய மணல் பெயின்டைக் கிழித்துவிடும்.

அப்படி ஒரு கட்டியை மாப்பிள்ளை தன் அப்பாவுக்காக ஆசையாக வாங்கி வந்திருக்கிறார். "என் கார்ல அழுக்கு இருக்குங்கறியா?" என்று கேட்டு, பெட்டியைப் பிரிக்காமலே டிக்கியில் போட்டுவிட்டாராம் சம்பந்தி.

"அது இன்னும் அங்கதான் கிடக்கு" என்றாள் மகள்.

சாவி சாப்பாட்டு மேஜை மேல், சம்பந்தியின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"கேக்காம அடுத்தவன் சாவியை எடுத்தா அதுக்கு என்ன பேர் தெரியுமா?" என்றார் அண்ணன்.

"நீங்க எடுத்தாத்தான் அந்தப் பேர். நான் எடுத்தா அது எங்க வீட்டுச் சாவி" என்று சொல்லி அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

டிக்கியைத் திறந்தாள். பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கைத்துண்டு, ஒரு சின்னத் தலையணை.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டான் தம்பி.

"வளைவுல எனக்குத் தலை சுத்தும்ல. மாமா எடுத்து வெச்சிருப்பார்."

இந்த எலுமிச்சம்பழம் என் கதைக்குப் பெரிய இடைஞ்சல். டம்ளரைத் தூக்கிப் பார்க்கும் சம்பந்தியை நான் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தேன். வாசகருக்கும் அவர் மேல் லேசாக ஒரு கோபம் பிடித்திருக்கும். இப்போது பார்த்து எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்கிறார். அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன். ஆனால் அந்தப் பழங்களை என் கண்ணால் பார்த்தேன். ஒன்றில் காம்பு கூட இருந்தது.

5

எங்கே தொடங்குவது என்பதில் தம்பி தவறு செய்தான். பெயின்ட் அதிகம் விழுந்திருந்தது ஓட்டுநர் பக்கத்துக் கதவில். அதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் முன்னறை கேட்டுப் பக்கமாக நீண்டிருப்பதால், அந்தக் கதவு அதன் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. உள்ளிருந்து சம்பந்தியின் குறட்டை கேட்டது.

"அதைக் கடைசியில பாத்துக்கலாம்" என்று பானெட்டுக்குப் போனான்.

மெதுவாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். உறவில் பேசப்படும் கழுவல் இதுதான், இவ்வளவுதான். பிறகு மகள் களியைப் பிசைந்து இரண்டாகப் பிய்க்கப் போனாள். "பிச்சா கைக்குச் சின்னதாப் போயிடும், ஒண்ணாவே இருக்கட்டும்" என்று தம்பி தடுத்து மொத்தத்தையும் தானே வாங்கிக்கொண்டான். அவள் பின்னாலேயே ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்தார்.

(கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். தம்பி மகள் படிப்பாள், விட்டால் கேட்பாள்.)

முதலில் கர்கர் என்று ஒலித்தது. நாலு முறை போய்வந்ததும் ஒலி அடங்கி, களி தானாக வழுக்கியது. மகள் ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டு அந்த இடத்தைத் தடவினாள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பும் கவர் வழியாகத் தெரிந்துவிடும்.

"தொட்டுப் பாருங்கப்பா. கண்ணாடி மாதிரி இருக்கு."

தொட்டான். அவன் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. ஆனால் அவள் கை அதோடு நிற்கவில்லை. பெயின்ட் விழாத மறு பக்கத்தையும் தடவியது.

"இங்கேயும் சொரசொரன்னுதான் இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் வழவழன்னு இருந்தா மாமாவுக்குத் தெரிஞ்சுடும். தினம் துடைக்கற கை."

ஆகவே முழுக் காரையும் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு புள்ளியை எடுக்கப் போய் ஊர்வேலையை இழுத்துக்கொண்டார்கள். மறு பக்கத்துக் கதவில் இரண்டு முறை இழுத்ததும் தம்பி களியைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை இல்லை. புகையிலைச் சாறு போலப் பழுப்பு, நடுவில் கறுப்பு.

"அண்ணா! இங்க வாங்க! பாத்தீங்களா? இது நம்ம பெயின்ட் இல்ல. தினம் துடைக்கறாராம், தினம்!"

"மெதுவாப் பேசு."

"இதை நான் எடுத்து வைக்கப்போறேன். அவர் பெயின்டைப் பத்தி வாயைத் திறக்கட்டும். இதைக் காட்டறேன். எங்க கேட் துரு வெளியில தெரிஞ்சுது, உங்க துரு உள்ள இருந்துதுன்னு—"

மகள் அவன் கையிலிருந்து களியை எடுத்தாள். பழுப்பு முகத்தை உள்ளே வைத்து மடித்தாள். முன்பே மடித்திருந்த வெள்ளையும் அதற்குள்தான் இருந்தது. நன்றாகப் பிசைந்து, உருட்டி, தட்டையாக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"காட்டினா அவர் சும்மா இருந்துடுவார். அப்புறம் டம்ளரைத் தூக்கிப் பாக்க மாட்டார். என் மூஞ்சியையும் பாக்க மாட்டார். வேலையைப் பாருங்கப்பா."

தம்பி வேலையைப் பார்த்தான்.

6

பின்பக்கம் முடிந்தது. மேற்கூரை முடிந்தது. ஓட்டுநர் பக்கத்தில் பின்கதவும் முடிந்தது. முன்கதவு மட்டும் பாக்கி. தம்பி அதன் முன்னே உட்கார்ந்து களியைப் புது முகம் எடுத்தான். அண்ணன் தண்ணீர் அடித்தார். தலைக்கு மேல் ஜன்னலுக்குள் குறட்டை நின்றது. ஒரு இருமல். கட்டில் கிறீச்சிட்டது.

களி தம்பியின் விரலிலிருந்து வழுக்கித் தரையில், மணலில், முகம் குப்புற விழுந்தது.

அவன் எடுத்து வேட்டியில் துடைத்துக் கதவை நோக்கிக் கொண்டு போனான். மகள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விழுந்ததை வைக்கக்கூடாது."

"ஒரே ஒரு கதவும்மா."

"கீறல் விழுந்தா அது போகவே போகாது. பெயின்டாவது போகும்."

"வேற கட்டி இல்லையா?"

பாதியைப் பிய்க்கப் போனவள் அவள். மொத்தமாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டவன் அவன்தான்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். முகம் கழுவுகிறார். செருப்பு மாட்டும் சத்தம். சம்பந்தி வாசலுக்கு வந்தார். ஈரக் காரைப் பார்த்தார், ஈரத் துண்டோடு நின்ற மருமகளைப் பார்த்தார், ஸ்பிரே பாட்டிலோடு நின்ற அண்ணனைப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த தம்பியைப் பார்த்து, "என்ன சம்பந்தி, கையில என்ன?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். புருவம் உயர்ந்தது. கை நகர்ந்தது. பானெட்டிலிருந்து மட்கார்டுக்கு, மட்கார்டிலிருந்து கதவின் பக்கம்.

7

இந்த இடத்தில் அண்ணன் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

எனவே முடிவு எனக்குத் தெரியாது. வாசகர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்க இதில் எதுவும் இல்லை. வீட்டுக்காரன் பேச வேண்டிய இடத்தில் அண்ணன் நின்றால் பேச்சு அண்ணனுடையதாகிவிடும். சம்பந்திக்கு எதிரே ஸ்பிரே பாட்டிலோடு நிற்பதும் பொருத்தமாகப் படவில்லை.

இதுவரை எழுதியதைத் தம்பி மகள் போனில் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நீங்க உள்ள போனதை எழுதியிருக்கீங்களா பெரியப்பா?"

"எழுதியிருக்கேன்."

"காரணம்?"

"அதையும் எழுதியிருக்கேன்."

"எந்தக் காரணத்தை?" என்று கேட்டுச் சிரித்தாள். நடந்தது என்ன என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தம்பியிடமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒருவன் தானாகச் சொல்லாததைத் தோண்டி எடுக்கும் பழக்கம் கிடையாது.

இருந்தாலும் கதை என்றால் முடிவு வேண்டுமே என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தம்பி நிமிர்ந்து நின்று, "சம்பந்தி, காத்தைத் தப்பாக் கணிச்சேன், தப்பு என்னுது" என்கிறான். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அந்த நேரத்தில் தம்பிக்கு அவ்வளவு ஒழுங்கான வாக்கியம் வந்திருக்காது. இன்னொன்றில், "தூசியா இருந்துது, சும்மா தண்ணி விட்டோம்" என்கிறான். சம்பந்தியும் கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, "அப்படியா" என்கிறார். அது தம்பிக்குப் பொருந்தும், எனக்குத் தூக்கம் வராது. மூன்றாவதில் மகள் முந்திக்கொண்டு, "மாமா, இது..." என்று

அதை முடிக்கவில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதும் தகுதி எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

உள்ளே இருந்தபோது எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: ஒரு குரல், சிறிது இடைவெளி, பிறகு இன்னொரு குரல். முதல் குரல் எந்தப் பக்கத்துக் குரல் என்று ஃபேன் சத்தத்தில் பிடிபடவில்லை. வழியனுப்ப வெளியே வந்தேன். மூன்று முகங்களும் வழியனுப்பும் நேரத்து முகங்களாக இருந்தன. சம்பந்தி எனக்குக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். பாட்டிலை உள்ளேயே வைத்துவிட்டிருந்தேன்.

8

இன்று அந்தக் கார் மறுபடியும் வந்தது.

ஓட்டி வந்தது தம்பி மகள். சம்பந்தி பக்கத்து சீட்டில், ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தபடி வந்தார். கேட்டுக்குள் நுழையும்போது, "ஸ்டியரிங்கை ஒடி, ஒடி, போதும் போதும்" என்ற குரல் தெரு வரை கேட்டது.

"ஓட்டறவங்களுக்குத் தலை சுத்தாதாம் பெரியப்பா. மாமாதான் சொன்னார்" என்று இறங்கினாள்.

இதை முடிவு என்று வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டாம். எலுமிச்சம்பழம் எடுத்து வைத்த மனிதர் சாவியையும் கொடுத்திருக்கலாம். அதற்கும் அந்தக் கதவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று இல்லை. உள்ளே போய் உட்கார்ந்து காபி டம்ளரைக் கையில் வாங்கியபோது அவர் அதைத் தூக்கிப் பார்த்தாரா என்று கேட்பீர்கள். அந்த நேரம் நான் வாசலில் இருந்தேன்.

ஏனென்றால் அவள் இரண்டு கையிலும் பைகளை வைத்துக்கொண்டு, "கதவைச் சாத்துங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டாள்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவு. விரியத் திறந்து என் முன்னால் நின்றது. வழவழப்பாக இருந்தால், அவர் அறிந்துகொண்டு மீதியைச் செய்து முடித்திருக்கிறார் என்று பொருள். சொரசொரப்பாகவே இருந்தால்...

எதுவாக இருந்தாலும் ஒரு தடவலில் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. நான் கேட்டின் பக்கம் பார்த்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியின் விளிம்பில் இரண்டு விரலை வைத்துத் தள்ளிச் சாத்தினேன். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்து இந்தக் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தேன்.

கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பாலிதீன் கவர் சமையலறையில் மேல் இழுப்பறையில் இருக்கிறது. உங்களுக்கு இந்த வீட்டு மானத்தில் பங்கு இல்லை. போய்த் தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்துவிட்டு வந்து என்னிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.